வீணாய் வீழும் நீர்

நயாகரா அருவியின் எதிரே நாம் நின்றது 2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில். கனடா நாட்டுக் கரையில், இரும்புக் கைப்பிடியைப் பற்றியபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றோம். வாய் பேசவில்லை. மனம் செபிக்கவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளாகத் திருப்புகழ்மாலையை நாளும் ஓதி வந்த நாவிற்கு, அந்த வேளையில் ஒரு திருப்பாடல் அடிகூட வந்து உதவவில்லை. ஆழம் ஆழத்தை அழைப்பதாகச் சொல்லும் 42-ஆம் திருப்பாடல் பிற்பாடு, ஊர்தியில் திரும்பி வரும்போதுதான் நினைவிற்கு வந்தது. நின்ற நேரத்தில் நம்முள் எழுந்தது ஒரே ஒரு எண்ணம். அதைச் சொல்ல இன்றும் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது: "இவ்வளவு தண்ணீரா!"

அருவியைக் காணச் செல்லும் எவரும் இப்படித்தானே வியப்பர் என்று அன்பர்கள் எண்ணலாம். நாம் வாழும் ஊர் திருத்தணிப் பக்கம் என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வட்டாரத்தில் நந்தியாறும் கொசத்தலையாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே ஓடுகின்றன. முருகன் மலையின் 365 படிகளை ஏறி இறங்கும் அடியார் கூட்டம் ஒருபுறம் என்றால், குடங்களைச் சுமந்து ஏறி இறங்கும் தாய்மார் கூட்டம் மறுபுறம். இவ்வூரில் ஒருவர் "தண்ணீர்" என்று சொன்னாலே அதில் பாதி கவலை கலந்திருக்கும். அக்கவலையோடு வளர்ந்த கண்களைக் கொண்டு நயாகராவைப் பார்ப்பது வேறு வகையான பார்வை.

பயணம் வாய்த்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரையின் கேள்வி நம்முடையதாக இராது. நம் தமக்கையின் மகன் டொராண்டோ நகரில் பொறியாளராக இருக்கிறார். குருத்துவ வாழ்வின் இருபதாம் ஆண்டை நாம் நிறைவு செய்த வேளையில், அவர் தொலைபேசியில் அழைத்து, "மாமா, உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். விமானச் சீட்டு எடுத்து அனுப்பட்டுமா? அல்லது அந்தப் பணத்தை நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அந்தக் கிளைக் கிராமத்து ஆழ்துளைக் கிணறு, அதற்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். கேள்வி நேர்மையானது. இரண்டிற்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றே. "கிணற்றுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். அச்சொற்களைச் சொல்ல நமக்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

ஆக, நயாகராவிற்கு வருவோம். உயரத்தை மட்டும் எண்ணினால் அது பெரிய அருவி அன்று. கனடாப் பக்கத்துக் குதிரைலாட அருவி ஏறத்தாழ 57 மீட்டர். நம் அண்டையிலுள்ள தலைக்கோனையோ ஏறத்தாழ 270 அடி, அதாவது 82 மீட்டர். கருநாடகத்து ஜோக் அருவி 253 மீட்டர். நயாகராவின் பெருமை அதன் அகலத்திலும், ஓயாமல் வந்து கொட்டும் நீரின் அளவிலும் உள்ளது. அதைக் கண்டு முதன்முதலாக எழுதியவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு குரு என்பது சுவையான செய்தி. 1678-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு வந்த லூயி என்னப்பென் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, 1697-இல் வெளியிட்ட நூலில் அருவியின் உயரம் 600 அடி என்று எழுதிவிட்டார். உண்மை உயரத்தைப்போல் மூன்று மடங்கு! ஐரோப்பா முழுவதும் அதை நம்பிற்று. அவரை நாம் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. ஊர் திரும்பிய முதல் ஞாயிறன்று நம் மறையுரையில் நயாகரா 400 அடி உயரம் பெற்றுவிட்டது. திருப்பலி முடிந்ததும் பீடச் சிறுவன் ஒருவன் கைப்பேசியைக் காட்டி நம்மைத் திருத்தினான். வியப்பு என்பது உண்மையின் உறவினர்தான். ஆயினும் அளவுகோலை அதன் கையில் கொடுக்கலாகாது போலும்.

அன்றிரவு, வண்ண விளக்கொளியில் அருவியைப் பார்த்துக்கொண்டே உணவருந்தும்போதுதான் நம் மருமகன் ஒரு செய்தியைச் சொன்னார். "இன்னும் சிறிது நேரம்தான் மாமா. பத்து மணிக்கு மேல் பாதியாகக் குறைத்துவிடுவார்கள்." நாம் விளக்கைத்தான் சொல்கிறார் என்று எண்ணினோம். அவர் சொன்னது தண்ணீரை.

1950-ஆம் ஆண்டு கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன்படி, சுற்றுலாக் காலத்தில், பகல் வேளையில், வினாடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் நீர் விழ வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. அதன்பின் அக்டோபர் இறுதி வரை இரவு 8 மணி வரை. மற்ற நேரங்களிலும் குளிர்காலம் முழுவதிலும் 50,000 கன அடி போதும். மிஞ்சும் நீரை இரு நாடுகளும் சுரங்கக் கால்வாய்கள் வழியே தங்கள் மின் நிலையங்களுக்குத் திருப்பிக்கொள்ளலாம். இதற்கென அருவிக்கு மேலே, ஆற்றில், 18 மதகுகள் கொண்ட ஒரு அணையமைப்பு இருக்கிறது. நாம் பகலில் வாயடைத்து நின்று பார்த்தது, நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகத் திறந்துவிடப்பட்ட நீர்!

ஏமாற்றப்பட்டது போன்ற உணர்வு நமக்கு உண்டாயிற்று. படைப்பின் கம்பீரம் என்று எதை எண்ணினோமோ அது குழாயைத் திருகினாற்போல் கூடிக் குறைவது என்றால், நம் வியப்பு யாரை நோக்கியது? இறைவனையா, மதகுக் காவலரையா? அன்றிரவு படுக்கையில் புரண்டபடி இதை எண்ணினோம். விடையின் ஒரு பகுதி மறுநாள் அங்குள்ள தகவல் பலகைகளைப் படித்தபோதும், மற்றொரு பகுதி ஊர் திரும்பிப் பல திங்கள் கழித்தும்தான் கிடைத்தன.

அந்த ஆற்றை மனிதர் முழுவதுமாக எடுத்துக்கொண்டிருக்க முடியும். 1895-இல் அங்கே பெரும் மின் உற்பத்தி தொடங்கி, மறு ஆண்டே பஃபலோ நகருக்கு மின்சாரம் சென்றது. அதற்கும் முன்னர், அமெரிக்கக் கரை முழுவதும் தனியாருக்குச் சொந்தமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அருவியைப் பார்ப்பதற்கே காசு கொடுக்க வேண்டியிருந்தது. மக்கள் இயக்கம் ஒன்று எழுந்து, பல ஆண்டுகள் போராடி, 1885-இல் நியூயார்க் மாநில அரசு அந்நிலத்தை விலைக்கு வாங்கி அனைவருக்கும் திறந்துவிட்டது. பின்னர் 1969-இல், அமெரிக்கப் பக்கத்து அருவியின் அடியில் பாறைகள் சரிந்து குவிந்ததைக் கண்டு, அவற்றை அகற்றலாமா என ஆராய்வதற்காக இராணுவப் பொறியாளர்கள் ஆற்றை மறித்து அந்த அருவியையே ஐந்து திங்களுக்கு மேல் உலரவைத்தார்கள். வற்றிய அருவியைப் பார்க்கவும் கூட்டம் வந்ததாம்! ஆற்றின் படுகையில் காலங்காலமாக மக்கள் வீசிய நாணயங்கள் கிடந்தனவாம். ஆராய்ந்து முடித்தபின் வந்த முடிவுதான் நம் உள்ளத்தைத் தொட்டது: பாறைகளை அகற்ற வேண்டா, அருவி தன் போக்கில் மாறட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே அந்த உடன்படிக்கையை நாம் இரு வகையில் படிக்கலாம். மனிதர் அருவியைப் பாதியாகத் திருடினர் என்று படிக்கலாம். அன்றேல், முழுவதையும் எடுக்க வல்லவர் பாதியை எடுக்காமல் விட்டனர் என்றும் படிக்கலாம். சுற்றுலா வருமானம் அவர்தம் கணக்கில் இருந்தது என்பதை மறுப்பார் இலர். மதகுக் காவலரை நாம் புனிதராக்க வரவில்லை. எனினும், காசாக மாற்றத்தக்க நீரை, எந்தச் சக்கரத்தையும் சுழற்றாமல் சும்மா விழ விடுவது என்று இரு அரசுகள் கையொப்பமிட்டது சிறிய செயல் அன்று.

"சும்மா" என்று எழுதும்போதே நம் பேனா தயங்குகிறது. நம் நாட்டில் இதற்கு வேறு சொல் உண்டு. மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கடல் சேர்ந்தால், "வீணாகக் கடலில் கலக்கிறது" என்றே செய்தித்தாள்கள் எழுதும். பயன்படாத எதுவும் வீண். இக்கணக்கு நமக்குப் புதியதன்று. பெத்தானியாவின் பந்தியிலேயே கேட்ட கணக்குத்தான். விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஒரு பெண் இயேசுவின்மேல் ஊற்றினாள். அது 300 தெனாரியம் பெறும், ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஓராண்டு ஊதியம். ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற முணுமுணுப்பு எழுந்தது. யோவான் நற்செய்தி அக்கேள்வியை யூதாசின் வாயில் வைக்கிறது. மத்தேயுவோ சீடர் எல்லாருடைய வாயிலும் வைக்கிறார். மத்தேயு வைத்ததே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. யூதாசு மட்டும் கேட்டிருந்தால் கேள்வியைத் தள்ளிவிடலாம். நல்லவர்களும் கேட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

ஒருமுறை நம் பங்கு இளைஞர் ஒருவர், ஆடிக் கிருத்திகை நாளில் மலைக்குப் போகும் பால் குடங்களைக் கண்டு, "சாமிமேல் ஊற்றும் பாலை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே, ஃபாதர்" என்றார். அவரை நாம் நம் ஆலயத்திற்கு அழைத்துச்சென்று, கெபியின் முன் உருகி வழிந்து கிடந்த மெழுகுவர்த்திகளைக் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். அன்பு எங்கே ஊற்றுகிறதோ அங்கே கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். இந்த அளவில், வீழும் நீரின் பக்கமே நம் மனம் சாய்ந்திருந்தது. 2019-ஆம் ஆண்டு வரை.

அவ்வாண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தந்த ஏரிகள் வறண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டியும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் சோழவரமும் ஒருங்கே காய்ந்தன. கிருஷ்ணை நீரைக் கொணர 1983-இல் ஒப்பந்தம் செய்து, 1996-இல் ஊத்துக்கோட்டை எல்லைக்கு நீர் வந்து சேர்ந்த கால்வாயும் அக்கோடைக்குக் கை கொடுக்கவில்லை. சூலைத் திங்கள் 12-ஆம் நாள் முதல், சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்குத் தொடர்வண்டியில் தண்ணீர் கொண்டுசென்றார்கள். சில நாள்கள் கழித்து, திருத்தணிக்கு வண்டி ஏற அரக்கோணம் சந்திப்பில் நாம் காத்திருந்தபோது, அந்த நீர்வண்டி நம் முன்னே கடந்து சென்றது. ஐம்பது தொட்டிகள். தொட்டி ஒன்றிற்கு 50,000 லிட்டர். ஆக மொத்தம் 25 இலட்சம் லிட்டர். நடைமேடையில் நின்ற அனைவரும் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தனர். ஒரு முதியவர் தேர் போவதைப் பார்ப்பது போல் கைகூப்பினார்.

கணக்குப் போடும் கெட்ட பழக்கம் நமக்கு உண்டு. பகலில் நயாகராவில் விழும் ஒரு இலட்சம் கன அடி என்பது 28 இலட்சம் லிட்டருக்குச் சற்று மேல். அது ஒரு வினாடிக்கு. நம் முன்னே கடந்துபோன ஐம்பது தொட்டி நீரும், நாம் அங்கு நின்ற ஒரு மணி நேரத்தில், ஒரே ஒரு வினாடியில் விழுந்த நீருக்குக் குறைவு. நாம் 3,600 வினாடிகள் நின்றிருந்தோம்.

அந்த நீரை இங்கே கொண்டுவர இயலாது என்பது குழந்தைக்கும் தெரியும். நயாகராவில் ஒரு துளி குறைந்தால் சென்னையில் ஒரு துளி கூடப்போவதில்லை. ஆதலால் நம் கணக்கு அறிவுக்கு ஒவ்வாதது. ஆனால் வியப்பைப் பற்றி அது ஒன்றைக் கற்பித்தது. பூந்தமல்லிக் குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில், 1790-இல் வெளிவந்த காண்ட்டின் நூலைப் பற்றி ஆசிரியர் விளக்குவார். பேராற்றின் உயர்ந்த அருவியைப் போன்ற காட்சிகள் நம்மைச் சிறியவராக்கி, அதே வேளையில் நம் உள்ளத்தின் பெருமையையும் உணர்த்துகின்றன. ஆனால் நாம் பாதுகாப்பான இடத்தில் நின்றால்தான் அவ்வுணர்வு பிறக்கும் என்று அம்மெய்யியலார் ஒரு நிபந்தனை வைத்தார். தாம் பிறந்த கோனிக்ஸ்பர்க் வட்டாரத்தை விட்டு வெளியே போகாத அவர் இதை எப்படிக் கண்டார் என்று அன்று வியந்தோம். இப்போது அந்த நிபந்தனைக்கு மற்றொரு வரியைச் சேர்க்கத் தோன்றுகிறது. பார்ப்பவர் வீட்டுக் குடமும் நிறைந்திருக்க வேண்டும். வெறுங்குடத்தோடு வந்தவருக்கு அருவி அழகன்று. அது ஒரு கேள்வி.

இங்கேதான் சாமுவேலின் இரண்டாம் நூல், 23-ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி நமக்கு உதவிற்று. ஞாயிறு வாசகங்களில் வராததால் நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. தாவீது அதுல்லாம் குகையில் இருக்கிறார். பெத்லகேம் பெலிஸ்தியர் கையில். பெத்லகேம் வாயிலருகே உள்ள கிணற்று நீருக்காக ஏங்குகிறார். வீரர் மூவர் பகைவர் பாளையத்தைப் பிளந்து சென்று அந்நீரை மொண்டு வருகின்றனர். தாவீது குடிக்கவில்லை, ஆண்டவருக்கென்று அதைத் தரையில் ஊற்றிவிடுகிறார். உயிரைப் பணயம் வைத்தவர்களின் இரத்தமன்றோ அது என்பது அவர் சொன்ன காரணம்.

வறண்ட நாட்டில் கொண்டுவந்த நீரைத் தரையில் ஊற்றுவதா! அந்த மூவரும் முகம் வாடியிருப்பர் என்றே நாம் எண்ணி வந்தோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாகம் தாவீதினுடையது. நீரும் அவருக்கென வந்தது. அவர் ஊற்றியது தம் வாய்க்கு வந்ததை. பக்கத்தில் தாகத்தோடு கிடந்த வேறொருவருடைய பங்கை அன்று. பெத்தானியாப் பெண்ணின் தைலமும் அவளுடையதே. அவர்களுடைய ஊற்றலை வீண் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லாமல் போனது அதனால்தான் போலும். கடுந்தேவை வந்துற்றபோது பொருள்கள் எல்லாம் பொதுவாகிவிடும் என்று புனித தோமா அக்குவினார் கற்பித்ததை இதனோடு சேர்த்துப் படித்தால், பிறருடைய தாகத்தைத் தரையில் ஊற்றும் உரிமை அழகுக்கும் இல்லை, பக்திக்கும் இல்லை என்றே தெரிகிறது.

நம் நாட்டு அருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியைத் திருப்பிக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பினார்கள். 1964-இல் எழுந்த லிங்கனமக்கி அணையால் ஜோக் அருவி ஆண்டின் பல திங்கள் மெலிந்து நூலாகிறது. அவற்றைப் பற்றி நமக்கு இரு மனம் உண்டு. ஆனால் ஒகேனக்கல்லில் 2013-இல் தொடங்கிய குடிநீர்த் திட்டத்தைப் பற்றி இரு மனம் இல்லை. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் புளூரைடு நஞ்சால் பல்லும் எலும்பும் கெட்டு வாழ்ந்த மக்களுக்குக் காவிரி நீர் போயிற்று. அதனால் அருவி ஒரு பிடி குறைந்திருந்தால் குறையட்டும்.

இவ்வளவும் தெளிந்தபின், எஞ்சி நிற்பது நம் விமானச் சீட்டு. அது நம்முடைய நீர்தானா? மருமகன் நமக்கெனத் தந்தது என்பது உண்மை. ஆனால் அவரே இரண்டு குடங்களை நம் முன்வைத்து, எது வேண்டும் என்று கேட்டாரே! அந்த நொடியில் அது நமக்கு மட்டும் உரிய நீராக இல்லை. "வேறு வழி" கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் வந்ததுதான் 2019-ஆம் ஆண்டுக் கோடை. அக்கிராமத்தின் கைப்பம்பு அக்கோடையில் வெறுங்காற்றையே இறைத்தது. தாய்மார் இரண்டு கல் தொலைவு நடந்தனர்.

2021-இல் ஒருவழியாக ஆழ்துளைக் கிணறு தோண்டினோம். மந்திரித்த தீர்த்தம் தெளித்துத்தான் தொடங்கினோம். வந்தது உப்பு நீர். துணி துவைக்கலாம், மாடு கழுவலாம். அடுப்பில் ஏற்ற முடியாது.

அதைக் கேட்ட நண்பரான குரு ஒருவர் நம் தோளில் தட்டி, "பார்த்தீரா, 2018-இல் அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தாலும் இதே உப்புநீர்தான் வந்திருக்கும். நயாகராவையும் பாராமல் போயிருப்பீர்!" என்றார். கணக்கில் அவர் சொல்வது சரி. ஒப்புரவு அருட்சாதனத்தில் அக்கணக்கைச் சொல்லிப் பார்த்தோம். நம் வாய்க்கே அது சுவைக்கவில்லை. தண்ணீர் உப்பாக இருக்கும் என்று 2018-இல் நமக்குத் தெரியாது. நல்ல நீர் வரும் என்று நம்பிக்கொண்டே "வேறு வழி பார்க்கலாம்" என்றோம். பூமிக்கடியில் இருந்த உப்பு நம் தீர்ப்பை மாற்றிவிடும் என்றால், நம் மனச்சான்று நிலத்தடி நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். அதே வேளையில், அந்தப் பயணத்திற்காக நாம் முழுமனத்தோடு வருந்துகிறோம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை நம்மால் வெறுக்க இயலவில்லை. கண்ணை மூடினால் இன்றும் அந்த ஓசை கேட்கிறது.

சென்ற கோடையில் அக்கிளைக் கிராமத்திற்குத் திருப்பலி நிறைவேற்றப் போயிருந்தோம். திருப்பலி முடிந்ததும், ஆலயத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவருக்குக் கைப்பேசியில் அருவியின் படத்தைக் காட்டினோம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர், எண்பதைத் தாண்டியவர். சற்றுத் தள்ளி, குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஊராட்சியின் தண்ணீர் வண்டிக்காக. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் படத்தையே பார்த்தார். உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பகலில் எவ்வளவு விழும், இரவில் எவ்வளவு விழும் என்றெல்லாம் நாம் விளக்கினோம். இம்முறை எண்கள் அனைத்தும் சரியாகவே இருந்தன.

எல்லாம் கேட்டுவிட்டு, "மஞ்சி நீள்ளேனா, சாமி? உப்பு நீள்ளா?" என்றார்.

அருவியின் அடிவரை செல்லும் படகில் நாம் போயிருந்தோம். அவர்கள் தந்த மழைச்சட்டையையும் மீறித் திவலைகள் தலையையும் முகத்தையும் உதட்டையும் நனைத்திருந்தன. அந்த நீரின் சுவை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தோம். நினைவில் இல்லை. "நல்ல தண்ணீர்தான் பாட்டி" என்றோம். அதற்குள் தண்ணீர் வண்டியின் ஒலிப்பான் கேட்கவே, அவர் எழுந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தைத் தேடிப் போனார்.